ஓ பொசிற்றிவ், உப்பு, சீனி

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆருக்கும் 'கோதாரி' என்ற சொல் புதிசில்லை. பஸ் போனாலும் கோதாரி, கரண்ட் போனாலும் கோதாரி, சொல்வழி கேளாத பிள்ளைக்கும் "கோதாரி விழுவான்" என்றொரு திட்டு. என்ர அம்மம்மா ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லுவா என்று எண்ணத் தொடங்கினால் விரல் காணாது. ஆனால் அது ஒரு நோயின்ர பேர் என்பது எங்கட வயசுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோதாரி என்றால் வாந்திபேதி. கொலரா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரில் இருந்து மாத்தளைப் பக்கம் நடந்து வந்த ஆக்களை வழிநெடுகச் சாய்த்த நோய்களில் ஒன்று. நோய் எங்கட ஊரை விட்டுப் போய்விட்டது. பேர் மட்டும் வாயில தங்கிவிட்டது.

நான் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறேன். மருத்துவப் புவியியல் என்று எங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. அதில முதல் கிழமையே ஜோன் ஸ்னோ வந்துவிடுவார். 1854, லண்டன், புரோட் வீதி. செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால், எல்லாம் ஒரு தண்ணிப் பம்பைச் சுத்திக் குவிஞ்சு நிக்குது. நோய் காற்றில வரேல்ல, தண்ணியில வருது என்று காட்டிய படம். புவியியல் படிக்கிற எங்களுக்கு அது கொஞ்சம் பெருமையான கதை.

இந்தப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதத் தேடினபோதுதான் வேறொரு விசயம் கண்ணில் பட்டது. ஒரே தண்ணியைக் குடித்து ஒரே கிருமி தொற்றினவர்களிலும், ஓ குருதி வகைக்காரரைக் கொலரா மற்றவர்களைவிட மோசமாகத் தாக்குது. ஏபி வகைக்காரருக்கு ஆகக் குறைவு. 1970களின் கடைசியிலேயே கல்கத்தாவில் இதைக் கவனித்திருக்கிறார்கள். 1985 இல் பங்களாதேசின் மத்லப் பகுதித் தரவுகளை வைத்து ரொஜர் கிளாஸ் குழுவினர் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போகுது. கங்கைக் கழிமுகத்தில் ஓ வகை ஆக்கள் உலகின் மற்ற இடங்களைவிடக் குறைவாக இருப்பதற்கு, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த கொலராவே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஒரு நோய் ஒரு நிலத்து மக்களின் குருதியையே சல்லடை போட்டிருக்குமா என்ற கேள்வி அது.

வாசிச்சதும் மனசு வேற இடத்துக்குப் போச்சு. நான் ஓ பொசிற்றிவ். அம்மாவும் ஓ. அம்மம்மாவும் ஓ, அம்மப்பாவும் ஓ. தாயும் தகப்பனும் ஓ என்றால் பிள்ளைகள் எல்லாம் ஓ தான். அப்ப சின்ன மாமாவும் ஓ.

சின்ன மாமா என்று நான் சொல்லுறது ஆறு வயசுப் பொடியனை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுக்க நடந்து போனதே, அந்தப் பெரிய இடப்பெயர்வில் எங்கட வீட்டுக்காரரும் போனவை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கல். மாரி மழை. ஒரு கிணறு, அதைச் சுத்தி நூற்றுக்கணக்கான ஆக்கள். மாமாவுக்கு வயிற்றோட்டமும் சத்தியும் தொடங்கி இரண்டாம் நாள் அவர் இல்லை. மூன்று நாள் கழித்து அம்மாவுக்கும் அதே வருத்தம் வந்தது. அம்மாவுக்கு அப்ப பதினாலு வயசு. அவ தப்பினா.

அது கொலராவோ வேற வயிற்றோட்டமோ என்று அந்த நேரம் ஒருத்தரும் சோதிச்சுப் பார்க்கேல்ல. "அவன்ர விதி" என்று ஊர் சொன்னது. "ஒரே கிணத்துத் தண்ணி, ஒண்டு இருக்க ஒண்டு போச்சே" என்று அம்மம்மா இண்டைக்கும் சொல்லுறவ. அந்தக் கேள்விக்கு மறுமொழி இந்த ஆராய்ச்சிக்குள்ள இருக்குமோ என்றுதான் நான் இதைத் தோண்டத் தொடங்கினேன்.

எனக்கு இரசாயனம் சாதாரண தரத்தோட முடிஞ்சுது. அதிர்ஷ்டத்துக்கு என்ர அறைத்தோழி விஞ்ஞான பீடம். அவளின்ர கடைசி வருசப் புரொஜெக்ற்றே குருதி வகைச் சீனிகளைக் கணினியில் ஆட விட்டுப் பார்க்கிறது.

"குருதி வகை எண்டாலே சீனிதான்ரி," என்று அவள் தொடங்கினாள். எங்கட செங்குழியங்களின் மேற்பரப்பில் சின்னச் சின்னச் சீனிச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். தேத்தண்ணிக்குப் போடுற சீனி இல்லை; அதே குடும்பத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள். பாடப்புத்தகத்தில் வெல்லம் என்று சொல்லுறது. ஓ வகைக்காரரில் அந்தச் சங்கிலியின் நுனியில் கலக்டோசு, அதன் பக்கத்தில் பியூக்கோசு. இதற்கு எச் என்று பேர். ஏ வகைக்காரரில் அதே கலக்டோசில் இன்னொரு வெல்லம் கூடுதலாக ஒட்டியிருக்கும். அதன் பேர் என்-அசற்றைல் கலக்டோசமைன். பி வகையில் அந்த இடத்தில் இன்னொரு கலக்டோசு. ஏ க்கும் பி க்கும் வித்தியாசம் ஒரு வெல்லத்தின் ஒரு மூலையில் மட்டும்தான். 1950களில் லண்டனில் வோல்ற்றர் மோர்கனும் வினிஃப்ரெட் வொட்கின்சும் இதைக் கண்டறிந்தார்கள். இந்தச் சீனிகள் இரத்தத்தில் மட்டும் இல்லை. எங்களில் பெரும்பாலானவர்களுக்கு உமிழ்நீரிலும் குடலின் உட்சுவரிலும் இருக்கு. கிருமி வந்து முதல் முதல் முட்டுற இடம் அதுதான்.

1901 இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்ரைனர் குருதி வகைகளைப் பிரித்தபோது ஏ, பி, சி என்றுதான் பேர் வைத்தார். பிறகுதான் சி போய் ஓ வந்தது. ஓ என்பதைப் பூச்சியம் என்று விளங்கி, 'ஒன்றும் இல்லாத குருதி' என்று நினைக்கிறவை இருக்கினம். அது சரியில்லை, எச் இருக்கு. அந்த எச்சும் இல்லாத ஆக்கள் உண்மையாகவே உண்டு. 1952 இல் பம்பாயில் முதலில் கண்டதால் அதற்கு 'பம்பாய் வகை' என்று பேர். ஓ வகை எப்படி உண்டாகுது என்பது 1990 இல் ஃபுமிஇச்சிரோ யமமோட்டோ குழுவினரால் தெளிவானது. மூன்றாவது வெல்லத்தை ஒட்டுற நொதியத்துக்கான பரம்பரையலகில் ஒரே ஒரு எழுத்து விழுந்துபோய் இருக்கு. மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கவேண்டிய வரியில் ஒன்று விழுந்தால் அதற்குப் பிறகு வாறதெல்லாம் பிழைச்சுப் போகும். நொதியம் வேலை செய்யாது, மூன்றாவது வெல்லம் ஒட்டாது. என்ர அடையாள அட்டைக்குப் பின்னால இருக்கிற 'ஓ' அந்த விழுந்த எழுத்துத்தான்.

சரி, சீனி விளங்கியது. ஆனால் அதை ஏன் கணினியில் ஆட விடவேணும்? "படம் எடுத்தாப் போதாதோ?" என்று கேட்டேன்.

புரதம் பெரும்பாலும் மடிஞ்சு ஒரு வடிவத்தில் இருக்கும், அதைப் பளிங்காக்கிப் படம் எடுக்கலாம். சீனிச் சங்கிலி அப்படி இல்லை. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில இருக்கிற ஒட்சிசன் மூட்டில் திரும்பும், வளையும், தண்ணிக்குள்ள ஆடிக்கொண்டே இருக்கும். காற்றில ஆடுற பனையோலையை ஒரு போட்டோவில் பார்த்து அதன் ஆட்டத்தை அறிய ஏலாது. அதால ஒவ்வொரு அணுவுக்கும் இவ்வளவு பாரம், இவ்வளவு மின்னேற்றம், இந்தப் பிணைப்பு இவ்வளவு இறுக்கம் என்று எண்களைக் குடுத்து, சுத்திவர ஆயிரக்கணக்கான தண்ணி மூலக்கூறுகளையும் போட்டு, நியூற்றனின் விதிப்படி அடுத்த கணம் ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று கணினியைக் கணக்குப் பார்க்க விடுறது. பிறகு அதற்கு அடுத்த கணம். ஒரு அடி வழக்கமாக 2 ஃபெம்ரோசெக்கன். ஒரு மைக்குரோசெக்கன் நேரத்தைப் பார்க்கவேணும் என்றால் 50 கோடி அடி எடுத்து வைக்கவேணும். 1977 இல் மக்கமன், கெலின், கார்ப்ளஸ் என்ற மூவரும் முதல் தடவை ஒரு புரதத்தை இப்படி ஓட்டினபோது அவர்களால் போக முடிஞ்சது 9.2 பிக்கோசெக்கன் மட்டும்தான். ஒரு செக்கனை ஒரு லட்சம் கோடியாகப் பிரிச்சால் வாற ஒரு பங்குதான் ஒரு பிக்கோசெக்கன். கார்ப்ளசுக்கு 2013 இல் நோபல் கிடைத்தது.

என்ர தோழியிடம் இருப்பது கேம் விளையாடுறவை வாங்குற கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட ஒரு கொம்பியூட்டர். மென்பொருள் குரோமக்ஸ், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தொடங்கினது, இலவசம். 2025 பெப்ரவரி 9, குரங்கு ஒன்று பாய்ந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, அவளின்ர ஓட்டம் நடுவில நின்றது. "கோதாரி!" என்றாள். நல்லகாலம், இடையிடையே சேமிச்சுக்கொண்டு போற கோப்பு இருந்தபடியால் விட்ட இடத்தில் இருந்து தொடர முடிஞ்சது.

திரையில் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. எச் சீனியின் பியூக்கோசு கொஞ்சம் அசையுது, திரும்பி வருது. ஏ சீனியில் மூன்றாவது வெல்லம் பக்கத்திலேயே நெருக்கி நிக்கிறதால் அசைய இடம் குறைவு. பஸ் சீற்றில் இரண்டு பேர் இருக்கிறதுக்கும் மூன்று பேர் இருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். "இது உண்மையோ, நீ குடுத்த எண்களின்ர கதையோ?" என்று கேட்டேன். அவள் கோவிக்கேல்ல. எண்கள் பிழைச்சால் ஆட்டமும் பிழைக்கும், அதனால்தான் சீனிகளுக்கென்றே கிளைக்கம் போன்ற எண்தொகுதிகளைத் தனியாகச் செய்திருக்கிறார்கள், கிடைக்கிற விடையை ஆய்வுகூட அளவீடுகளோட ஒப்பிடாமல் ஒருத்தரும் நம்புறதில்லை என்றாள். வரைபடம் கீறுற எங்களுக்கும் அதே சட்டம்தான். கடைசியில் களத்துக்குப் போய்த்தான் ஆகவேணும்.

இனி கொலரா. கிருமி குடலுக்குள்ள வந்து ஒரு நச்சை விடுது. அப்படி ஒரு நச்சு இருக்கென்று 1959 இல் கல்கத்தாவில் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் சம்பு நாத் தே. அந்த நச்சின் அடிப்பாகம் ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம், உழுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை. அது குடற் கலத்தின் மேலே இருக்கிற ஜிஎம்1 என்ற பொருளின் சீனித்தலையைப் பிடிச்சு, தன்ர மற்றப் பாகத்தை உள்ளே அனுப்பும். உடனே கலம் உப்பையும் தண்ணியையும் வெளியே கொட்டத் தொடங்கும். கடுமையான நோயாளி மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரைக்கும் இழக்கலாம்.

ஜிஎம்1 எல்லாருக்கும் இருக்கு, அதில் குருதி வகை வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த வளையத்தில் பக்கவாட்டில் இன்னொரு பள்ளம் இருக்கு. குருதி வகைச் சீனி அதற்குள்ளதான் போய் இருக்குது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஊட்டே கிரெங்கல் குழுவினர் 2016 இல் வெளியிட்ட பளிங்குப் படங்கள் இதை நெருக்கத்தில் காட்டின. எச் சீனி நல்லாப் பொருந்துது. மூன்றாவது வெல்லம் ஒட்டின ஏ சீனி பலவீனமாகத்தான் பிடிக்குது. எச் கூட ஒன்றும் இரும்புப்பிடி இல்லை. ஆனால் குடல் முழுக்க அந்தச் சீனி பரவிக் கிடக்கும்போது சின்ன வித்தியாசமும் பெரிசாகலாம். ஓ வகைச் சீனி உள்ள குடற் கலங்கள் இந்த நச்சுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுவதை அதே வருசம் அமெரிக்க ஆய்வொன்றும் சொன்னது.

இவ்வளவும் விளங்கின அந்த இரவு எனக்கு ஒரு ஆசை வந்தது. வீட்டுக்கு எடுத்து அம்மம்மாவிடம் சொல்லலாம்: "அம்மம்மா, அது உங்கட பிழை இல்லை. எங்கட ரத்தம் அப்பிடி." முப்பது வருசமாக அவ சுமக்கிறதைக் கொஞ்சம் இறக்கிவைக்க, விஞ்ஞானம் எனக்கு ஒரு வசனம் தந்திருக்கு என்று நினைத்தேன். போனையும் எடுத்தேன்.

ஆனால் எடுத்துச் சொல்லேல்ல. ஏனென்றால் அந்த வசனம் எங்கட வீட்டுக் கதைக்குப் பொருந்தேல்ல. முதலாவது, மாமாவும் ஓ, அம்மாவும் ஓ. ஒரே சீனி. செத்ததும் தப்பினதும் குருதி வகையால் என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே நடந்திருக்கவேணும்? இரண்டாவது, அது கொலரா என்று ஆருக்கும் தெரியாது. ஈகோலை என்ற பற்றீரியாவின் ஒரு வகையும் இதே மாதிரி வயிற்றோட்டம் தரும். 2018 இல் வந்த ஒரு ஆய்வின்படி அது ஏ வகைச் சீனியைத் தேடிப் பிடிக்குது, அங்கே மோசமாகப் பாதிக்கப்படுறது ஏ வகைக்காரர். அல்சரைத் தாற ஹெலிக்கோபக்ரர் பைலோரியைப் பாருங்கோ. பெரும்பாலான இடங்களில் அது ஏ, ஓ இரண்டு சீனியையும் பிடிக்கும். ஆனால் கிட்டத்தட்ட எல்லாருமே ஓ வகையாக இருக்கிற தென்னமெரிக்கப் பழங்குடிகளிடம் கிடைத்த கிருமிகளில் பல ஓ சீனியை மட்டும் பிடிக்கப் பழகியிருந்தன. ஆக, நல்ல குருதி, கூடாத குருதி என்று ஒன்றில்லை. எந்தச் சீனியை வைத்திருந்தாலும் அதைப் பிடிக்க ஒரு கிருமி எங்கேயோ பழகிக்கொண்டிருக்கும்.

அப்ப அம்மா எப்படித் தப்பினா? இதை நான் அம்மாவிடமே கேட்டேன். அவ சொன்னது இதுதான். மாமாவுக்கு வருத்தம் வந்தபோது பக்கத்தில் இருந்த வயசுபோன ஆக்கள், "வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதேங்கோ, குடுக்கக் குடுக்கப் போகும்" என்றிருக்கினம். அம்மம்மாவும் குடுக்கேல்ல. அவர் தண்ணி கேட்டுக்கொண்டே இருந்தவராம். மூன்று நாள் கழித்து அம்மா படுத்தபோது, புதுசா வந்து சேர்ந்த குடும்பத்தில் ஒரு தாதி இருந்தா. அவ போத்தல் தண்ணியைக் கொதிக்க வைச்சு, ஆற வைச்சு, உப்பும் சீனியும் கலந்து, கரண்டி கரண்டியாக விடியும்வரை பருக்கினா. அவ்வளவுதான்.

நான் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் வாசிக்கப் போனேன். உப்பையும் குளுக்கோசையும் சேர்த்துக் குடுத்தால்தான் குடல் தண்ணியை உறிஞ்சும். கொலரா நச்சு வெளியே கொட்டுற வாசலைத் திறந்து வைத்தாலும், உள்ளே எடுக்கிற வாசலைப் பூட்டுறதில்லை. அந்த வாசல் திறக்க உப்போட சீனி வேணும். 1960களின் கடைசியில் டாக்காவில் இதை நோயாளிகளில் நிரூபித்தார்கள். 1971 இல் பங்களாதேசப் போரில் இந்திய எல்லைக்கு ஓடிவந்த லட்சக்கணக்கான அகதிகளுக்குள் கொலரா பரவியபோது, பொங்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துபோக, திலிப் மகலனாபிஸ் என்ற டொக்டர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணியை ட்ரம்மில் வைத்து, உறவினர்களே நோயாளிகளுக்குப் பருக்கும்படி விட்டார். நூற்றுக்கு 30 பேரளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4 க்கும் கீழே இறங்கியது. எங்கட கடைகளில் இப்ப ஜீவனி என்று வாங்குற பக்கற் அந்தக் கரைசல்தான். 1991 இல் பெரு நாட்டில் கொலரா வந்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்களுக்குத் தொற்றியது. அங்கே பெரும்பாலானவர்கள் ஓ வகை. ஆனாலும் செத்தது நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. குருதியை ஒருத்தரும் மாத்தேல்ல. கரைசல் நேரத்துக்குக் கிடைத்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மூன்று நாளும் தெரிஞ்ச ஒரு ஆளும்தான். ஆராய்ச்சி தேவையில்லை என்று இதை வைத்துச் சொல்ல வரேல்ல. நச்சின் பள்ளத்துக்குள் எச் சீனி எப்படி இருக்கு என்று தெரிந்தால், அதை அடைக்கிற ஒரு பொருளை நாளைக்கு ஒருத்தர் செய்யலாம். ஓ வகை கூடின இடத்தில் தடுப்பூசியை எப்படிப் பகிர்வது என்று யோசிக்கலாம். என்ர தோழியின் கொம்பியூட்டர் இரவிரவாக ஓடுறதுக்கு அர்த்தம் இருக்கு. ஆனால் அந்த முடிவுகளை எடுத்து 'அவைட ரத்தம் அப்பிடி' என்று ஒரு சனத்தின்ர தலையில் எழுதிவிடுறது வேற வேலை. முகாமில் ஒரு கிணறு மட்டும் இருந்ததையும், போர் நடந்ததையும், ஒரு பக்கற் கிடைக்காமல் போனதையும் அந்த ஒரு வசனம் மறைத்துவிடும்.

அம்மம்மாவுக்கு நான் சொன்னது வேற. சித்திரை வருசத்துக்கு வீட்டுக்குப் போனபோது, குசினியில் அவ அரிசி புடைச்சுக்கொண்டிருந்தா. தண்ணி குடுக்காமல் விடுறது அந்த நாளில் உலகம் முழுக்கத் தாய்மார் நம்பின விசயம், டொக்டர்மாரே நெடுங்காலம் அப்பிடித்தான் சொன்னவை என்று சொன்னேன். பிறகு, "மூண்டு நாளில நீங்கள் அதை மாத்தினியள் அம்மம்மா. அந்தத் தாதி சொன்னதைக் கேட்டு நீங்கள் பருக்கினபடியாத்தான் அம்மா இருக்கிறா, நான் இருக்கிறன்" என்றேன். அவ புடைக்கிறதை நிப்பாட்டேல்ல. கனநேரம் கழிச்சு, "அவனுக்குச் சீனி விருப்பம்" என்று மட்டும் சொன்னா.

இதை வாசிக்கிற நீங்கள் எந்தக் குருதி வகையாக இருந்தாலும் ஒரு அளவை மட்டும் மனசில வைச்சிருங்கோ. கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றர், மட்டமான தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. ஜீவனி பக்கற் கிடைச்சால் அதுதான் திறம். கிடைக்காத இடத்தில இது போதும். வயித்தால போற பிள்ளை தண்ணி கேட்டால் குடுங்கோ.